கடதாசிக் கப்பல்கள்: கடற்போர் வீடியோ விளையாட்டுக்களிற் கட்டப்படாத போர்க்கலங்கள்

வீடியோ விளையாட்டுக்களைப் பற்றிப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ஆய்விதழிலே எழுதுவது தகுமா என்ற வினா வாசகர் சிலருக்கேனும் எழுதல் இயல்பே. நாவலும் ஒரு காலத்திலே வீண்பொழுதுபோக்கென்று பெரியோராற் கடிந்துரைக்கப்பட்டதுதான் என்பதை நினைவூட்டி மேற்செல்லலாம். புனைவு எங்கே நிகழ்கின்றதோ அங்கே இலக்கிய மாணவனுக்கு வேலையுண்டு. கடற்போர் விளையாட்டுக்களிலே, வரலாற்றில் ஒருநாளேனும் கடலைக் கண்டறியாத போர்க்கப்பல்கள் நாள்தோறும் உலாவுகின்றன. ஒன்றையொன்று சுட்டு மூழ்கடிக்கின்றன. அக்கப்பல்கள் எங்கிருந்து பெறப்படுகின்றன, எத்தேவை அவற்றை வேண்டி நிற்கின்றது, அவை மிதக்க வேண்டுமாயின் வரலாற்றிலிருந்து எவற்றை அகற்ற வேண்டியிருக்கின்றது ஆகியனவே இங்கு எமது கவனத்துக்குரியன.

இத்துறையிலே பரவலாக அறியப்பட்ட விளையாட்டு 'வேர்ல்ட் ஒவ் வோர்ஷிப்ஸ்' என்பதாகும். மின்ஸ்க் நகரிலே 1998இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் சைப்பிரசைத் தலைமையகமாகக் கொண்ட வோர்கேமிங் கம்பனிக்காக, சென் பீற்றர்ஸ்பேர்க்கிலுள்ள லெஸ்ரா நிறுவனம் இதனை ஆக்கியது. 2015 செப்ரெம்பரில் இது வெளிவந்தது. (2022இல் வோர்கேமிங் ரஷ்யாவையும் பெலருசையும் விட்டு நீங்கியதும் லெஸ்ரா தனித்துப் பிரிந்து, தனது ரஷ்யப் பதிப்பை வேறு பெயரில் நடத்தலாயிற்று. திரையிலே ஆயிரமாயிரம் கப்பல்களை மோதவிட்டவர்களை நிலத்திலே நிகழ்ந்த உண்மைப் போர் பிரித்தது.) அணிக்குப் பன்னிருவர் வரையில் எதிரெதிரே நின்று, கூடியது 20 நிமிடம் பொருதுவர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கப்பல். நுழைவதற்குக் கட்டணம் இல்லை. ஆடி ஆடிப் புள்ளி சேர்த்து அடுத்த கப்பலைப் பெறலாம். பொறுமையற்றவர் பணம் செலுத்தி அதனை விரைவுபடுத்தலாம்.

கப்பல்கள் நாடுவாரியாக வகுக்கப்பட்டுப் பத்துப் படிகளைக் கொண்ட ஏணிகளாக அடுக்கப்பட்டுள்ளன. எமது விடயத்தின் திறவுகோல் இவ்வேணியே. கீழ்ப்படிகளில் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சிறு கலங்களும், மேற்படிகளில் அவ்வந்நாட்டின் உச்சங்களும் நிற்கும். பத்தாம் படிவரை ஏற்றிவிடாத ஒரு வரிசை ஆடுவோனை ஈர்ப்பதில்லை. ஆயின் வரலாறு ஏணி வடிவிலே நடப்பதில்லை. யப்பானிடம் பத்தாம் படியில் நிறுத்துவதற்கு யமாட்டோ இருந்தது. பிரித்தானியாவோ ஜேர்மனியோ பிரான்சோ இத்தாலியோ சோவியத் ஒன்றியமோ அதற்கு நிகராக எதனையும் கட்டி முடிக்கவில்லை. அமெரிக்காவின் பத்தாம் படியிலே நிற்கும் 'மொன்ரானா' கூடக் கட்டப்பட்டதன்று. 1940இல் அனுமதிக்கப்பட்ட அவ்வகைக் கப்பல்கள் ஐந்தும், கப்பலின் முதுகெலும்பாகிய ஏரா ஒன்றேனும் இடப்படாமலே, 1943 யூலையில் இரத்துச் செய்யப்பட்டன. விமானந்தாங்கிகளுக்கும் தரையிறங்கு கலங்களுக்கும் உருக்கும் ஆட்களும் தேவைப்பட்டமையே காரணம். இவ்வாறு கட்டப்படாத கலங்களை ஆடுவோர் 'பேப்பர் ஷிப்' என்று வழங்குவர். நாம் கடதாசிக் கப்பல் எனலாம். மழைவெள்ளத்திலே நாம் விட்டு விளையாடியவற்றுக்கும் அதுவே பெயர். அவையாவது உண்மையான நீரிலே சிறிது தூரம் மிதந்தன.

கடதாசிக் கப்பல்கள் யாவும் ஒரே தன்மையின அல்ல. ஹிட்லர் 1939 சனவரியில் ஏற்றுக்கொண்ட கடற்படைத் திட்டத்தின்படி ஜேர்மனி 'எச்' வகைக் கப்பல்கள் ஆறினைக் கட்டவிருந்தது. ஹம்பேர்க்கிலும் பிறேமனிலும் இரண்டுக்கு ஏரா இடப்பட்டது. போர் தொடங்கியதும் வேலை நின்றது. அதன்பின் வடிவமைப்பு அலுவலகத்திலே வரைபடங்கள் மட்டும் ஆண்டுக்காண்டு பெருத்துச் சென்றன. 1944ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கிய கடைசி வடிவம் 131,000 தொன் நிறையும் 508 மில்லிமீற்றர் பீரங்கிகளும் உடையது. அதனைக் கட்டலாமென அக்கட்டத்தில் எவரும் மெய்யாக எண்ணியதில்லை. நகரங்கள் எரிந்துகொண்டிருக்க மேசைமீது வளர்ந்த கப்பல் அது. விளையாட்டிலே ஜேர்மனியின் பத்தாம் படியில் முதலில் நிறுத்தப்பட்ட 'குறோசர் குர்ஃபியூர்ஸ்ற்' இவ்வரைபட வரிசையைத் தழுவியதே. யப்பானோ யமாட்டோவையும் விஞ்சும் 510 மில்லிமீற்றர் பீரங்கிக் கப்பலொன்றின் வடிவமைப்பை 1941 அளவிற் பெரும்பாலும் முடித்திருந்தது. போர் முடிவில் அதற்குரிய ஆவணங்கள் மிகப் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. 'ஷிகிஷிமா' என்ற பெயரோடு அது திரையிலே எழுந்தபோது, சாம்பலான ஆவணத்தின் இடத்தை ஆக்கியோரின் ஊகம் நிரப்பியது. இன்னும் ஒரு படி அப்பாற் செல்வது 'ஜோர்ஜியா'. கட்டப்பட்ட ஐயோவா வகைக் கப்பல்கள் 406 மில்லிமீற்றர் பீரங்கிகள் ஒன்பதைத் தாங்கின. அவ்வுடலிலே 457 மில்லிமீற்றர் பீரங்கிகள் ஆறினைப் பொருத்தி ஜோர்ஜியா உருவாக்கப்பட்டது. ஏரா இடப்பட்டது, வரையப்பட்டது, ஒட்டிப் பொருத்தப்பட்டது என இவற்றைத் தரம் பிரித்து நோக்கலாம். ஆடுகளத்திலோ இவ்வேறுபாடு தெரிவதில்லை. கட்டப்பட்டு மூழ்கிய கப்பலும், வரையப்பட்டு எரிந்த கப்பலும், எவராலும் வரையப்படாத கப்பலும் ஒரே உலோகப் பளபளப்புடன் அருகருகே செல்கின்றன.

இத்தகைய கப்பல் கணினியோடு பிறந்தது என்று கருதுதல் தவறாகும். உலகப் போர்க்கப்பல்கள் பற்றிய நம்பிக்கைக்குரிய கைந்நூலாக இன்றும் மதிக்கப்படும் ஜேனின் தொகுதியே ஒரு விளையாட்டின் துணைநூலாகத் தோன்றியது என்பது பலரும் அறியாத செய்தி. பிரெட் ஜேன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளரும் ஓவியருமானவர், மேசைமீது ஆடும் கடற்போர் விளையாட்டு ஒன்றை இயற்றினார். அதிலே எதிரியின் கப்பலை இனங்காணவும் அதன் கவசத்தையும் பீரங்கியையும் மதிப்பிடவும் உதவுமாறு 1898இல் அத்தொகுதியை வெளியிட்டார். அதன் 1903ஆம் ஆண்டுப் பதிப்பிலே இத்தாலியக் கடற்படைப் பொறியியலாளர் வித்தோரியோ குனிபெர்ற்றி, பிரித்தானியக் கடற்படைக்கு உகந்த இலட்சியப் போர்க்கப்பல் எதுவென விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். 17,000 தொன் நிறை, 305 மில்லிமீற்றர் பீரங்கிகள் பன்னிரண்டு, 24 நொட் வேகம். இத்தாலியின் நிதிநிலைக்கு அத்தகைய கப்பல் எட்டாக்கனி. எனவேதான் அதனை வெளிநாட்டு நூலொன்றிலே எழுதிவிட அவருக்கு இடம் கிடைத்தது. பிரித்தானியா அதே திசையிற் சிந்தித்துக்கொண்டிருந்தது. 1906 பெப்ரவரியில் போர்ட்ஸ்மவுத்திலே 'டிறெட்நோட்' நீரில் இறக்கப்பட்டது. அன்றுவரை கட்டப்பட்டிருந்த பெருங்கப்பல்கள் யாவும் ஒரே நாளிற் பழையனவாயின. ஆங்கில-ஜேர்மன் கடற்படைப் போட்டி புதிய வேகங்கொண்டது. ஒரே வரைபடம் வறிய கருவூலத்திற் கட்டுரையாக நின்றுவிடுகிறது. செல்வம் மிகுந்த கருவூலத்தில் இரும்பாகின்றது. இவ்விரண்டுக்குமிடையே உள்ளது பொருளாதாரம்.

இனி, விளையாட்டிற்குக் கடதாசிக் கப்பல்கள் எங்கிருந்து அதிகமாகக் கிடைக்கின்றன என்பதை நோக்குமிடத்து, இரு காலப்பகுதிகள் முனைப்பாகத் தெரிகின்றன. ஒன்று 1921-22; மற்றையது 1939-43. பின்னையதிலே போரே கப்பல்களை விழுங்கிற்று. முன்னையதிலே அவற்றை நிறுத்தியது ஓர் உடன்படிக்கை. அதனைச் சற்று விரித்து நோக்குவோம்.

முதல் உலகப் போர் ஓய்ந்தபின்னும் அமெரிக்காவும் பிரித்தானியாவும் யப்பானும் முன்னிலும் பெரிய கப்பல்களைத் திட்டமிட்டன. யப்பானின் பெருந்திட்டம் 1921 அளவிலே கடற்படைச் செலவைத் தேசிய வரவுசெலவுத் திட்டத்தின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காக உயர்த்திற்று. மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1918இல், அந்நாட்டு மக்கள் அரிசி விலை உயர்வை எதிர்த்துக் கிளர்ந்திருந்தனர். 1921 யூலை-ஓகஸ்ட் மாதங்களிலே கோபே நகரத்துக் கவசாக்கி, மிற்சுபிசி கப்பல் கட்டுந்துறைகளிலே ஏறத்தாழ முப்பதாயிரம் தொழிலாளர் கூட்டுப் பேரம் பேசும் உரிமை கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். படை வரவழைக்கப்பட்டது, போராட்டம் தோல்வியுற்றது. அவ்வேளையிலே அதே கவசாக்கித் துறையின் கட்டுமேடைமீது 'காகா' என்னும் போர்க்கப்பல் பாதி உருவாகி நின்றது. வேலைநிறுத்தம் உடன்படிக்கையைப் பிறப்பித்தது என நாம் கூறவில்லை. அத்தகைய நேர்கோட்டு விளக்கம் மார்க்சிய ஆய்வுக்கு இழுக்கு. ஆயினும் கப்பலொன்றின் விலை யாது, அதனை யார் தருகின்றனர் என்னும் வினா மூன்று நாடுகளிலும் மூடி மறைக்க முடியாதவாறு எழுந்துவிட்டிருந்தது. 1922 பெப்ரவரி 6ஆந் திகதி ஐந்து வல்லரசுகள் வாஷிங்ரனிலே கைச்சாத்திட்டன. பெருங்கப்பல் கட்டுதல் பத்தாண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது; இனிக் கட்டப்படுவது 35,000 தொன்னுக்கும் 406 மில்லிமீற்றர் பீரங்கிக்கும் மேற்படலாகாது என வரையறுக்கப்பட்டது. பிரித்தானியா 1921இன் இறுதியிற் கட்டளையிட்டிருந்த பெருங்கப்பல்கள் நான்கும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டன.

யப்பானின் 'அமாகி' இத்தறுவாயிலே பாதி கட்டிய நிலையில் யோக்கொசுக்காவில் இருந்தது. இத்தகைய உடல்களிற் சிலவற்றை விமானந்தாங்கிகளாக மாற்ற உடன்படிக்கை இடந்தந்தது. அமாகியும் அதன் இனக்கப்பலான 'அக்காகி'யும் அவ்வாறு மாற்றப்படலாயின. 1923 செப்ரெம்பர் முதலாந் திகதி நிகழ்ந்த கன்ரோ நிலநடுக்கம் அமாகியைச் சீர்செய்ய இயலாதவாறு சிதைத்தது, அதனை உடைத்தெடுத்தனர். கோபேயில் வேலைநிறுத்தத்தைக் கண்ட காகாவின் உடல் அதன் இடத்துக்கு வந்தது. அக்காகி 1927இல் விமானந்தாங்கியாகச் சேவையிற் சேர்ந்தது. 1942 ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்பு மீது குண்டு வீசிய யப்பானிய அணியின் தலைமைக் கப்பல் அந்த அக்காகியே. நான்கு நாட்களின் பின் அதே அணியின் விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாலே 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கியை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். அக்கப்பல் இன்றும் எமது கீழைக்கரைக் கடலடியிலே கிடக்கின்றது.

இவ்வளவு சிக்கலான காரண காரியத் தொடரிலே விளையாட்டு எடுத்துக்கொள்வது யாது? அமாகி எட்டாம் படியில், முழுமைபெற்ற போர்க்கப்பலாக, பத்துப் பீரங்கிகளுடன் செல்கின்றது. வரவுசெலவுத் திட்டமும் கோபேயும் உடன்படிக்கையும் நிலநடுக்கமும் நிகழாத உலகம் அது. ஹேர்மிசும் அங்கே உண்டு; நான்காம் படியிலே. 20 நிமிடத்தில் எத்தனை தடவை மூழ்கினும் அடுத்த ஆட்டத்தில் முழுமையாகத் திரும்பி வருகின்றது. குற்றஞ் சாட்டுதல் எமது நோக்கமன்று. ஆட்டம் எதுவாயினும் மீளத் தொடங்க வேண்டியதே. எமது அவதானம் வேறு. ஏணியின் நோக்கில், பத்தாண்டுக் கப்பற்கட்டு ஓய்வு என்பது ஒரு வெற்றிடம். சமாதானம், கடன், பஞ்சம், வேலைநிறுத்தம் யாவும் அவ்வேணியிலே விடுபட்ட படிகளாக மட்டும் பதிவாகின்றன. அவற்றை நிரப்புதலே வடிவமைப்பாளனின் பணி. போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் கட்டிய கப்பல்களையும் இயல்பெனவும், கட்டாமையை நேர்செய்ய வேண்டிய குறையெனவும் கொள்ளும் கருத்துநிலை, யாரும் ஒரு சொல்லும் பிரசாரஞ் செய்யாமலே, இவ்வடுக்கு முறைக்குள் அமைந்து கிடக்கின்றது.

முற்போக்கு வாசகர் இவ்விடத்தில் ஆறுதல் கொள்ளற்கில்லை. இவ்விளையாட்டிலே கடதாசிக் கப்பல்களாற் பெரிதும் உருவான வரிசைகளுள் ஒன்று சோவியத் போர்க்கப்பல் வரிசையே. 2019இல் அது அறிமுகமாயிற்று. அதன் உச்சியில் நிற்பது 'கிரெம்ளின்'. சோவியத் ஒன்றியம் தன் வரலாற்றிலே புதிதாக ஏரா இட்டு எந்தப் பெரும் போர்க்கப்பலையும் கட்டி முடித்ததில்லை. கடலோடியவை சார் காலத்தனவும் பிறரிடமிருந்து பெற்றனவுமே. முயற்சி இல்லாமல் இல்லை. 'சொவியெற்ஸ்கி சொயூஸ்' வகைக் கப்பல்கள் நான்குக்கு 1938 முதல் 1940 வரை ஏரா இடப்பட்டது. 230 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பிலே மேற்பரப்பு இறுக்கப்பட்ட நற்கவசத் தகடு செய்தல் அன்றைய உருக்காலைகளுக்கு இயலாதிருந்தது. மொலொதொவ்ஸ்க்கிலே கட்டப்பட்ட மூன்றாவது கப்பலிற் கடாவப்பட்ட தறையாணிகளுள் எழுபதாயிரம் தரங்குறைந்தவை எனக் கண்டறியப்பட்டது. 1940 ஒக்ரோபரில் அக்கப்பல் கைவிடப்பட்டது. மற்றையவற்றை 1941இன் படையெடுப்பு நிறுத்தியது. போரின் பின்னர் ஸ்ராலின் நேரடியாக ஆர்வங்காட்டிய 'ஸ்ராலின்கிராட்' என்னும் பெருங் குறூசர்க் கப்பல் 1951இல் நிக்கொலாயெவிலே தொடங்கப்பட்டு, அவர் மறைந்து ஒரு மாதம் கழிய, 1953 ஏப்பிரலில் நிறுத்தப்பட்டது. அதன் உடலின் ஒரு பகுதி ஏவுகணைப் பரிசோதனைக்கு இலக்காயிற்று.

போரால் நலிந்த ஒரு தேசம், உருக்கை எதற்குச் செலவிடுவதென்ற முரண்பாட்டை இவ்வரலாற்றிலே தன் மேலேயே சுமந்தது. அம்முரண்பாட்டைச் சோசலிச அரசு தீர்த்த முறை எப்போதும் நேரியதாக இருந்தது என நாம் சொல்லப்போவதில்லை. வல்லரசுப் பெருமையின் கவர்ச்சி அங்கும் இருந்தது. ஆனால் எழுபதாயிரம் தறையாணிகளைப் பற்றிய அச்செய்தி, கிரெம்ளினின் கவசத்தைப் பற்றிய விளையாட்டுத் தரவுகளனைத்தையும்விட அந்நாட்டைப் பற்றி எமக்கு அதிகம் உணர்த்துகின்றது. குறைந்த கால எல்லை, அவசரக் கட்டளை, பயிற்சி குன்றிய கைகள் ஆகியவற்றின் நிழலை அதிலே காணலாம். திரையிலுள்ள சோவியத் கப்பலில் ஒரு தறையாணிகூட வழுவுவதில்லை. இயலாமையும் வரலாறே. அதனை நீக்கியபின் எஞ்சுவது தேசியப் புகழ்ச்சி. சோவியத் கொடியின் கீழே சோசலிசத்தை நீக்கிவிட்டுப் பெருமையை மட்டும் விற்பதற்குக் கடதாசிக் கப்பலைப் போல வாய்ப்பான பண்டம் வேறில்லை. எட்டாம் படியிலே 'லெனின்' என்ற பெயரோடும் ஒரு கற்பனைப் போர்க்கப்பல் உண்டு. அது புள்ளி சேர்த்து ஏறும் வழமையான ஏணியிற் சேராத சிறப்புக் கப்பல், விலைக்குரியது.

லூக்காச் நவீனத்துவத்தைப் பற்றி எழுதும்போது, ஹெகலைப் பின்பற்றி, அருவமான சாத்தியப்பாட்டையும் பருண்மையான சாத்தியப்பாட்டையும் வேறுபடுத்துவார். உள்ளத்தில் எழக்கூடிய சாத்தியங்கள் எண்ணிறந்தன. அவற்றுள் எது மெய்யாகவே சாத்தியம் என்பது, மனிதன் புறவுலகோடு கொள்ளும் தொடர்பிலேதான் வெளிப்படும். யதார்த்த இலக்கியம் பின்னையதைத் தேடுவது. இவ்வேறுபாடு எமது விடயத்துக்கு மிகவும் பொருந்துவதாகும். கட்டப்படாத கப்பலைக் கற்பனை செய்தல் தன்னளவிற் குற்றமன்று. நிகழ்ந்ததை மட்டுமே கூறுவது புனைவாகாது. கன்ரோ நிலநடுக்கம் நிகழாதிருந்தால் அமாகி விமானந்தாங்கியாகவே வந்திருக்கும் என்பது பருண்மையான சாத்தியம். வாஷிங்ரன் உடன்படிக்கை குழம்பியிருப்பின் போர்க்கப்பலாகவே வந்திருக்கும் என்பதும் அவ்வாறே. ஆயின் அப்போது யப்பானியக் கருவூலம் என்னாகியிருக்கும், கோபேயில் மேலும் என்ன நிகழ்ந்திருக்கும் என்பனவும் அக்கதைக்குள் வந்தாக வேண்டும். அவை இன்றிக் கப்பல் மட்டும் வருமாயின் அது அருவமான சாத்தியம். ஜோர்ஜியாவின் பீரங்கிகள் அவ்வகையின. அவற்றுக்கு ஏதும் விலையில்லை. ஆகவே எதுவும் கூடும்.

ஏங்கெல்ஸ் 1878இல் நூலுருப்பெற்ற 'டூரிங்குக்கு மறுப்பு' நூலிலே, பலாத்காரம் பற்றிய அத்தியாயங்களில், போர்க்கப்பலை உதாரணமாகக் கொள்கின்றார். அது பாரிய இயந்திரத் தொழிலின் விளைபொருள் மட்டுமன்றி அத்தொழிலின் மாதிரியுமாகும் என்பதும், அது மிதக்கும் தொழிற்சாலை என்பதும், அத்தொழிற்சாலை முதன்மையாக உற்பத்தி செய்வது பண விரயத்தையே என்பதும் அவர் கருத்தின் சாரம். பலாத்காரம் பொருளாதாரத்தை ஆள்கின்றது என்ற டூரிங்கின் வாதத்துக்கு எதிராக அவர் நிறுத்திய சான்று அக்கப்பல். கடதாசிக் கப்பலோ டூரிங்கின் கனவை நிறைவேற்றுகின்றது; அங்கே பலாத்காரத்துக்கு உருக்காலை தேவையில்லை. விளையாட்டின் உள்நாணயங்களுள் இரண்டுக்கு 'நிலக்கரி', 'உருக்கு' என்றே பெயரிட்டிருக்கின்றனர். ஸ்ராலின்கிராட்டை உருக்குக் கொடுத்துப் பெறலாம். சுரங்கத்தொழிலாளியும் உலைத்தொழிலாளியும் மறைந்து, அவர்களது உழைப்பின் பெயர் மட்டும் சில்லறைக் காசாகத் திரும்புகின்றது. மார்க்ஸ் பண்ட மாயை என்று விளக்கியதற்கு இதனினும் எளிய பாட உதாரணம் எமக்குக் கிட்டியதில்லை.

உழைப்பு முற்றாக மறைந்துவிடவுமில்லை. அது இடம் மாறியிருக்கின்றது. ஏணியில் ஏறுவோன் ஒரு கப்பலைப் பெறுவதற்காக நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஆடுகின்றான்; அதனை ஆடுவோர் தாமே 'அரைத்தல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாற் குறிப்பது தற்செயலன்று. பத்தாம் படியும் போதாதென்று 2022இல் 'சூப்பர்ஷிப்' எனப்படும் மேலும் ஒரு தளம் சேர்க்கப்பட்டது. யமாட்டோவை விஞ்சும் 'சத்சுமா' அங்கே வந்தது. சந்தை விரிய விரியக் கடதாசியும் விரிகின்றது. ஷங்ஹாயில் ஆக்கப்பட்டு 2017இல் வெளிவந்த 'அசூர் லேன்' போர்க்கப்பல்களை இளம்பெண்களாக உருவகிக்கின்றது. அதன் ஆக்கியோர் வோர்ஷிப்சோடு கூட்டுச் சேர்ந்து 'இசுமோ', 'மொனார்க்', 'றோன்' முதலிய கட்டப்படாத கப்பல்களையும் பெண்களாக்கினர். அரசின் ஆவணக்கூடத்திலே தூங்கிய வரைபடம் இவ்வாறு கம்பனியின் பண்டமாகிப் பின்னர் இன்னொரு கம்பனியின் கன்னியுமாயிற்று. இதனைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்; எமக்கு அதற்கு மனமில்லை.

திரையிலுள்ள கப்பல்களின் தளத்திலே மனிதர் எவரும் இல்லை என்பதையும் குறித்தாக வேண்டும். பீரங்கிகள் தாமே சுழல்கின்றன. தீ தானே அணைகின்றது. யமாட்டோவோடு 1945 ஏப்பிரல் 7ஆந் திகதி ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். 'வோர் தண்டர்' என்னும் மற்றொரு விளையாட்டிலே மாலுமிகள் குறையக் கப்பல் செயலிழக்கின்றது. அங்கும் அவர்கள் நூற்றுவீதமாகவே தோன்றுகின்றனர். ஆளில்லாத கப்பலிலே மறுப்பும் இல்லை. 1905இல் பொற்றெம்கின், 1918இல் கீல் துறைமுகம், 1946 பெப்ரவரியிற் பம்பாயில் 'தல்வார்' ஆகியவற்றை வரலாற்றில் நிறுத்தியது கப்பலில் மனிதர் இருந்தமையே. 1917இன் அவ்ரோரா இவ்விளையாட்டிலும் உண்டு. அது மூன்றாம் படியிலே, நல்ல வேகத்தோடு சுடுகின்ற ஒரு குறூசர்.

எல்லா விளையாட்டுக்களும் இத்தன்மையின என்று முடிவுகட்டுதல் நேர்மையாகாது. 2015இல் வெளிவந்து பின்னர் 2019இலும் 2023இலும் விரிவுபெற்ற 'றூல் த வேவ்ஸ்' என்னும் விளையாட்டு, கண்ணைக் கவரும் காட்சிகள் ஏதுமற்றது. கணக்கேட்டை ஒத்த திரை. ஆடுவோன் ஒரு நாட்டுக் கடற்படையின் பொறுப்பாளன். கப்பல்களை அவனே வடிவமைக்க வேண்டும். ஆகவே அங்குள்ள கப்பல்கள் யாவும் கடதாசிக் கப்பல்களே. எனினும் ஒவ்வொரு தொன் நிறைக்கும் விலையுண்டு; கட்டுந்துறையின் அளவு கப்பலின் அளவை வரையறுக்கும்; மாதந்தோறும் பணம் கழியும்; பணம் தீர்ந்தால் கட்டுவதை இடையில் நிறுத்த நேரும். அரசியல் நெருக்கடிகளிற் கடுமையான விடையைத் தேர்ந்தால் நாடுகளுக்கிடையே பதற்றம் ஏறும். பதற்றம் ஏற வரவுசெலவுத் திட்டமும் ஏறும். ஆகவே பெரிய கப்பலை விரும்புவோன் போரின் அண்மையை விரும்பத் தொடங்குகின்றான். ஆயுதப் போட்டியின் இந்த உள்விசையை எந்த விரிவுரையும் இவ்வளவு விரைவில் உணர்த்தியதை நாம் கண்டதில்லை. மக்களோ அங்கும் ஓர் எண்ணாகவே வருகின்றனர். அவ்வெண்ணுக்கு 'அமைதியின்மை' என்று பெயர். எனினும் போர் நீள அவ்வெண் உயரும். மிக உயர்ந்தால் அரசு கவிழும்.

உடன்படிக்கையும் அங்கே உண்டு. சில ஆட்டங்களில் வல்லரசுகள் கூடி நிறைக்கும் பீரங்கி விட்டத்துக்கும் வரம்பிடும். வரம்பை மீறிக் கட்டுமேடையில் நிற்கும் கப்பல்கள் உடைத்தெடுக்கப்படும். பல மாதம் எண்ணி எண்ணி வரைந்து, பெயரும் சூட்டிய கப்பலாயினும் விலக்கில்லை. அப்போது திரையிலே எதுவும் வெடிப்பதில்லை. கட்டுமானப் பட்டியலிலிருந்து ஒரு பெயர் நீங்குகின்றது. அடுத்த மாதச் செலவு குறைகின்றது.